வெள்ளைக் கரையிட்ட பூ



இந்த வாரத் தியானத்தை ஓர் ஒப்புக்கொள்ளுதலோடு தொடங்குகிறேன். கடந்த ஜூன் மாதத்தில் நான் முழங்காலில் நின்ற நேரத்தைக் கணக்கிட்டால், ஜெபத்தில் நின்றதைவிட எங்கள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் பாப்பிப் பூக்களுக்கு முன்பாக நின்றதே அதிகமாயிருக்கும். கையில் வேதப்புத்தகம் இல்லை, புகைப்படக் கருவி இருந்தது. என் துணைவியார் சமையலறைச் சாளரத்தின் வழியே பார்த்துவிட்டு, "இந்த முழங்கால் வலிக்குத்தானே போன மாதம் டாக்டரிடம் போனீர்கள்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

"போதகர் வீட்டில் அபின் செடியா வளர்கிறது?" என்று உங்களில் ஒரு சகோதரி கேட்டதும் என் காதுக்கு எட்டியது. இல்லை. அபின் தரும் செடி வேறு. நம் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசா அந்தச் செடியின் விதை. நம் தாய்நாட்டில் அதை அரசின் உரிமம் இன்றிப் பயிரிட முடியாது. என் தோட்டத்தில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட தங்கை: இங்கிலாந்தின் கோதுமை வயல்களிலும் சாலையோரங்களிலும் தானாகவே முளைத்துக் கிடக்கும் சிவப்பு வயல் பாப்பி. நவம்பர் மாதத்தில் நாம் காகிதத்தில் செய்து சட்டையில் குத்திக்கொள்கிறோமே, அதே பூ.

இது என் தோட்டத்திற்கு வந்த கதை ஒரு காகித உறையிலிருந்து தொடங்குகிறது. சென்ற ஆண்டு செப்டம்பரில் நம் சபையின் மூத்த அம்மையார் ஒருவர், ஆராதனை முடிந்தபின் என்னை நிறுத்தி, பழுப்பு நிற உறை ஒன்றைக் கையில் தந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்நாட்டில் பல ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உங்களில் பலர் அவரை அறிவீர்கள். தம்மைப் பற்றி எழுத அனுமதி தந்தார், பெயரை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார். முதுமையினால் தோட்டமுள்ள வீட்டை விட்டு, மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு அவர் அப்போதுதான் குடிபெயர்ந்திருந்தார். முன்னொரு காலத்தில் அவர் பராமரித்த நோயாளி ஒருவர் கொடுத்த விதையிலிருந்து தொடங்கி, ஆண்டுதோறும் சேகரித்து விதைத்து வந்ததன் மிச்சம் அந்த உறைக்குள் இருந்தது. உறையின் மேல் பென்சிலால் இரண்டே சொற்கள்: வெள்ளைக் கரை.

"பாஸ்டர், இதுக்குள்ள எல்லாம் கலந்துதான் கிடக்கு. வெள்ளைக் கரை உள்ளது பூத்தால் எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ" என்றார். நான் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை நான் எவ்வளவு விரைவில் மறந்தேன் என்பதுதான் இன்றைய செய்தி.

விதைப்பதில் நான் செய்யாத தவறு இல்லை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு எருவிட்டுக் கொத்திப் போட்டால்தான் மனம் ஆறும். ஆகவே எங்கள் வீட்டுக் களிமண்ணில் மூட்டை மூட்டையாக உரமண்ணைக் கலந்தேன். அம்மையார் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தார். இந்தச் செடிக்குக் கொழுத்த மண் வேண்டாம். வெயில் வேண்டும், நீர் தேங்காத இடம் வேண்டும். விதையோ தூசு போன்றது. மணலோடு கலந்து தூவினால்தான் ஓரிடத்தில் குவியாமல் விழும். தூவியபின் மண்ணால் மூடவும் கூடாது. அந்த விதை வெளிச்சம் பட்டு முளைப்பது. மேலாகக் கையால் அழுத்திவிட்டால் போதும். புதைத்துவிட்டால் சாகாது, உறங்கிவிடும். பத்து ஆண்டுகள் அல்ல, பல பத்தாண்டுகள் கூட மண்ணுக்குள் உறங்கி, என்றோ ஒரு நாள் மண் புரளும்போது கண் விழிக்கும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் நிலத்தைக் குண்டுகள் உழுதுபோட்டபோது, 1915ஆம் ஆண்டு வசந்தத்தில் கல்லறைகளுக்கிடையே இவ்வளவு சிவப்பு பூத்ததற்குக் காரணம் இதுதான். நாம் நவம்பரில் குத்திக்கொள்ளும் காகிதப் பூவும் அங்கிருந்தே வந்தது.

அக்டோபரில் முளைகள் வந்தன. நெருக்கமாக முளைத்தவற்றைப் பிடுங்கி எறிய மனமின்றி, வெற்றிடத்தில் பெயர்த்து நட்டேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நேராகக் கீழே இறங்கும் ஆணிவேர் அதற்கு. அது அறுந்தால் செடி இல்லை. நத்தைகள் தம் பங்கை எடுத்துக்கொண்டன. எஞ்சியவை பனியையும் உறைபனியையும் தாங்கி, தரையோடு ஒட்டிய சிறு இலைக்கொத்துகளாகக் குளிர்காலம் முழுவதும் கிடந்தன. பிப்ரவரியில் பார்த்தபோது களை என்றே நினைக்கத் தோன்றும் கோலம். மே மாதம் அவை எழும்பின.

நம் பகுதியில் குடியிருப்போர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இவ்விடத்தில் இருக்கிறது. நம் ஆராதனைக்கு வருபவர்களில் சிலர் கிராய்டனை அடுத்த ஷர்லி வழியாகப் பேருந்தில் வருகிறீர்கள். அந்த ஊரின் ஆலயத்தில் வில்லியம் வில்க்ஸ் என்னும் குருவானவர் ஊழியம் செய்தார். 1880ஆம் ஆண்டில், தம் தோட்டத்தின் பயன்படாத ஒரு மூலையில், வயலை ஒட்டிய இடத்தில், காட்டுப் பாப்பிகள் கூட்டமாகப் பூத்திருக்கக் கண்டார். அக்கூட்டத்தில் ஒரே ஒரு பூவின் இதழோரத்தில் மிக மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. நானாயிருந்தால் "அழகாயிருக்கிறது" என்று சொல்லிக் கடந்திருப்பேன். அவர் அப்பூவுக்கு அடையாளமிட்டு, அதன் விதையை மட்டும் தனியே சேகரித்தார். அடுத்த ஆண்டு ஏறக்குறைய இருநூறு செடிகளில் நான்கைந்து மட்டுமே வெள்ளைக் கரையோடு பூத்தன. இந்தப் பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதில்லை. தேனீ வேறொரு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும். ஆகவே தாய் வெள்ளைக் கரையாயிருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலானவை பழைய சிவப்பாகவே திரும்பிவிடும். அவர் சோர்ந்துபோகவில்லை. ஆண்டுதோறும் சிறந்தவற்றுக்கு அடையாளமிட்டு, விதையெடுத்து, சிவப்பைக் குறைத்து வெண்மையைக் கூட்டி, இளஞ்சிவப்பு வரையிலும் தூய வெள்ளை வரையிலும் கொண்டுவந்தார். பின்னர் பூவின் நடுவிலுள்ள கறுப்பையும் நீக்கி மஞ்சளும் வெண்மையும் ஆக்கினார். உலகெங்கும் ஷர்லி பாப்பி என்று விற்கப்படுவது அதுவே. அவர் 1888 முதல் 1920 வரை ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்னும் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார்.

கறுப்பை நீக்கியது பற்றி எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. அந்தச் சிவப்பின் ஆழத்தில் கறுப்பு இருப்பதுதான் எனக்கு அழகு. அது இருக்கட்டும்.

இனிப் பூ மலரும் விதம். மொட்டு தலைகுனிந்து தொங்கும். ரோமம் அடர்ந்த காம்பு வளைந்து, வெட்கப்பட்ட பிள்ளையைப் போல நிற்கும். மலரும் நாளுக்கு முன்பு காம்பு நிமிரும். விடியற்காலையில் மொட்டை மூடிய இரண்டு பச்சைத் தோல்களும் பிளந்து கீழே விழும். உள்ளே நான்கு இதழ்கள், பிழிந்து போட்ட பட்டுத்துணி போலக் கசங்கிக் கிடக்கும். எந்தக் கையும் தொடாமலேயே அந்தக் கசங்கல் நீங்கும். அதன்பின் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். காற்று பலமாயிருந்தால் மாலைக்குள் இதழ்கள் தரையில். ஜூன் நடுவில் லண்டனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுவதால், தூக்கத்தைத் தியாகம் செய்யாதவன் இந்த மலர்தலைக் காண முடியாது. நான் தியாகம் செய்தேன். சபைக்காக அத்தனை நாள் அத்தனை அதிகாலையில் எழுந்ததில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

படம் பிடிப்பதோ அதைவிடக் கடினம். முதல் வாரம் நான் எடுத்த படங்களில் பூ இல்லை. சிவப்புச் சாந்தை அப்பியது போன்ற ஒரு திட்டுதான் இருந்தது. கருவி சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவு செய்கிறது. பாப்பியின் சிவப்பு அத்தனை வலிமையானது. மற்ற இரண்டும் அளவாயிருக்கும்போதே சிவப்பு மட்டும் விளிம்புவரை நிரம்பி வழிந்துவிடுகிறது. வழிந்தபின் இதழின் மடிப்பும் நரம்பும் எல்லாம் ஒரே சிவப்பு. ஆகவே கருவி காட்டும் அளவைவிட வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்குமாறு அமர்ந்தால் இதழ் விளக்குத்திரி போல உள்ளிருந்து ஒளிரும். நிழற்பக்கத்திற்கு ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் போதும். காற்றுக்கு மட்டும் மருந்தில்லை, காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் கற்றுக்கொண்டபின், ஒரே ஒரு குறையற்ற படம் வேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

மதுரை அரசரடியில் இறையியல் பயின்ற நாட்களில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் எனக்கு வேப்பங்காய். ஆயினும் ஒரு சொல் நினைவில் நின்றது. மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் காட்டுப்புஷ்பங்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றைக் கவனிக்கும்படி சொல்கிறார் அல்லவா? மத்தேயு அங்கே பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லுக்கு வெறுமனே பார்ப்பது என்று பொருள் இல்லை. நன்றாகக் கற்றுக்கொள்வது என்று பொருள். சீஷன் என்பதற்கான கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்தது. அதாவது, பூவின் முன் மாணவனாக உட்காரச் சொல்கிறார். (லூக்கா வேறொரு சொல்லைக் கையாளுகிறார், அதை இன்னொரு வாரம் பார்க்கலாம்.) அந்தப் பூ எது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. கலிலேயாவின் மலைச்சரிவுகளில் வசந்தத்தில் பூக்கும் சிவப்பு அனிமோன் என்பார் பலர். அந்நிலத்தில் பாப்பியும் உண்டு. எதுவாயினும், காய்ந்த புல்லோடு சேர்ந்து மறுநாள் அப்பம் சுடும் அடுப்புக்குப் போகிற பூ. அன்றைக்கே பார்த்தாக வேண்டிய பூ.

இந்த வசனத்தின்மேல் நான் குறைந்தது ஏழெட்டு முறை பிரசங்கித்திருக்கிறேன்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "பூத்திட்டுதோ பாஸ்டர்?" பூத்துவிட்டது, நல்ல படமாக ஒன்று எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். அதே பதிலைச் சொன்னேன். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். அவரை அழைத்து வந்து தோட்டத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கலாம். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பலமுறை என்னையே கேட்டுவிட்டேன். தோன்றாததன் காரணம் எளிது: எனக்கு அப்போது வேண்டியது படம்.

ஜூலை முதல் வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது.

மருத்துவமனைக்கு நான் போனபோது கையில் அச்சிட்ட படம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் நான் தேர்ந்தெடுத்த ஒன்று. நல்ல சிவப்பு, நடுவில் கறுப்பு, இதழின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். படுக்கையின் அருகே நாற்காலி இருந்த பக்கம் உட்கார்ந்து, பேசி, ஜெபித்து, படத்தை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் சுவர்ப்பக்கமே திரும்பியிருந்தது. தாமதித்ததற்காக வருந்தியிருக்கிறார், அல்லது களைத்திருக்கிறார் என்று நினைத்து, சற்று நேரம் மௌனமாக இருந்தேன். அப்போது அவருடைய மகள் உள்ளே வந்தார். "பாஸ்டர், மற்றப் பக்கம் வாங்கோ. அம்மாவுக்கு இடப்பக்கம் தெரியாது" என்றார். கண்ணில் பழுதில்லை, மூளை அந்தப் பாதி உலகத்தைக் காட்டுவதை நிறுத்திவிட்டது. ஒரு மணி நேரத்தில் பாதியை நான் அவர் காணாத பாதியில் உட்கார்ந்து கழித்திருக்கிறேன்.

வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு" என்றார். பிறகு, "வெள்ளைக் கரை வந்ததோ?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, வரவில்லை என்றேன்.

"வந்திருக்கும். நீங்கள் பாத்திருக்க மாட்டியள்."

கடிந்துகொள்ளும் குரலில் அல்ல. ஒரு தாதி நோயாளியின் உடல்வெப்பத்தைக் குறித்துச் சொல்கிற குரலில்.

அன்றிரவு நானூற்றுப் பன்னிரண்டு படங்களையும் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இம்முறை நடுவிலிருந்த பூவை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்த்தேன். ஜூன் 19ஆம் தேதி காலை ஐந்தரைக்கு எடுத்த ஒரு படத்தில், குவியத்தில் நிற்கும் பெரிய சிவப்புப் பூவுக்குப் பின்னால், மழைநீர்க் குழாயின் அருகே, கலங்கலாக ஒரு சிறிய பூ. அதன் விளிம்பு வெளிறியிருந்தது. அடுத்த படத்திலும் இருந்தது. மொத்தம் ஐந்து படங்கள். ஒன்றில், பின்னணி சுத்தமாக வேண்டும் என்று அதை நானே வெட்டி நீக்கியிருந்தேன். வெட்டாத மூலப்படம் இருந்ததால் தப்பியது. நான் மூன்றடி தூரத்தில் முழங்காலில் நின்றிருக்கிறேன். கண்ணை உயர்த்தியிருந்தால் போதும்.

சபையாரே, இதை எழுதும்போது என் மனம் உறுத்துவது பூவைப் பற்றி மட்டுமல்ல. ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து உங்களைப் பார்க்கிறேன். முன்வரிசை எனக்குத் தெளிவாகத் தெரியும். பின்னால், தூண் அருகே, ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்விடும் சிலர் இருக்கிறீர்கள். உங்களில் இரண்டு பேருடைய பெயர் எனக்கு இன்னும் தெரியாது. வரும் ஞாயிறு கடைசிப் பாட்டின்போது நான் வாசலில் நிற்பேன். என்னைக் கடந்து போகாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மறுநாள் காலை தோட்டத்திற்குப் போனேன். இதழ்கள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. இதழ் உதிர்ந்தபின் எல்லாக் காய்களும் ஒன்றுதான்; தொப்பி வைத்த சிறு குடுவை போல இருக்கும். எது வெள்ளைக் கரைக்காரி என்று காயைப் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குழாய், சுவரில் உடைந்த செங்கல், நான் ஊன்றிய மூங்கில் குச்சி ஆகிய மூன்றையும் வைத்து அளந்தேன். அவ்விடத்தில் இரண்டு காய்கள் நின்றன. இரண்டிலும் வெள்ளை நூல் கட்டினேன். வில்க்ஸ் ஐயர் பூத்த அன்றே அடையாளமிட்டார், நான் உதிர்ந்தபின்.

ஆகஸ்டில் காய்கள் முற்றி, தொப்பியின் கீழ் சிறு துளைகள் திறந்தன. காற்றில் செடி ஆடும்போது அத்துளைகளின் வழியே விதை சிதறும். மிளகுத்தூள் குப்பி மேசைக்கு வருவதற்குப் பல காலம் முன்பே கர்த்தர் அமைத்த ஏற்பாடு அது. நூல் கட்டிய இரண்டையும் நறுக்கி, காகிதத்தில் சுற்றிக்கொண்டு, அம்மையார் இப்போது இருக்கும் பராமரிப்பு இல்லத்திற்குப் போனேன். வலப்பக்கம் உட்கார்ந்தேன். ஒரு காயை அவருடைய வலக்கையில் வைத்தேன். அவர் அதைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். மெல்லிய சலசலப்பு. மறுபடியும் ஆட்டினார். விதைகள் போர்வையின்மேல் கொட்டின. மகள் பதறிப்போய் அவற்றைப் பொறுக்கத் தொடங்க, அம்மையார் சிரித்தார். பக்கவாதத்திற்குப் பின் அவர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன்.

"இதுதானோ?" என்று கேட்டார். இரண்டில் ஒன்று அம்மா, எது என்று தெரியவில்லை என்றேன். "இரண்டையும் போடுங்கோ" என்றார்.

சென்ற செவ்வாய்க்கிழமை போட்டோம். பெயர்த்து நட்டால் பிழைக்காது என்பதால், வளரப்போகும் தொட்டியிலேயே, ஆழமான தொட்டி ஒன்றில், பாதி மணலும் பாதி மண்ணுமாக. விதையை அவர் கையாலேயே தூவினார். பெரும்பகுதி ஒரு பக்கமே விழுந்தது, அப்படியே விட்டுவிட்டோம். குளிர்காலத்தில் அதை முற்றத்தில் வைக்க இல்லத்தார் இசைந்திருக்கிறார்கள். அவர் கட்டிலிலிருந்து பார்க்கும்போது வலப்பக்கம் விழும் சாளரத்திற்கு வெளியே. செடியின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும் என்று அங்கிருந்த பணிப்பெண் கேட்டார். அம்மையார் பென்சிலைக் கேட்டு வாங்கித் தாமே எழுதினார். எழுத்து கோணலாயிருந்தது. அந்தப் பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒட்டிவிட்டார்.

மற்றச் செடிகளின் விதை என்னிடம் ஏராளமாக இருக்கிறது. சிறு உறைகளில் இட்டு, வரும் ஞாயிறு ஆலயத்தின் பின்புற மேசையில் பாட்டுப்புத்தகங்களுக்கு அருகே வைத்திருப்பேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் முடியுமுன் தூவிவிடுங்கள். மண்ணால் மூட வேண்டாம்.